முன் ஆக்ஸிலில் கசிவும் சத்தமும்: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 12 ஆண்டுகள் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை அண்மையில் வாங்கினேன். முன்பக்கம் ஒரே கட்டையாக அமைந்த ஆக்ஸில். சக்கரங்களில் கையால் திருப்பிப் பூட்டும் ஃப்ரீ வீல் ஹப் இருக்கிறது. இடது முன் சக்கரத்தின் உட்புறம் கருப்பாக எண்ணெய் வழிகிறது. வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் எழுகிறது. முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது சில சமயம் ‘டக் டக்’ என்று கேட்கிறது. அடியில் குனிந்து பார்த்த ஒரு மெக்கானிக், ஆயில் சீலை மாற்றினால் போதும் என்கிறார். ஓட்டிப் பார்த்த இன்னொருவர், ஆக்ஸிலுக்குள் ஒன்றையொன்று கடித்துச் சுழலும் கிரவுன் பினியன் என்ற கியர் ஜோடி தேய்ந்துவிட்டது, வேறொரு பழைய ஆக்ஸிலை முழுதாக வாங்கிப் போடுவதே நல்லது என்கிறார். எதைச் செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, இருவரில் எவர் சொல்வது சரி என்பதை இந்த நிலையில் யாராலும் தீர்மானிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்த ஈரத்தை வைத்து ஒருவரும், காதில் விழுந்த சத்தத்தை வைத்து மற்றவரும் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்ததாகவோ, டிஃபரன்ஷியலில் (கிரவுன் பினியன் இருக்கும், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் அமைப்பு) ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று திறந்து பார்த்ததாகவோ உங்கள் கடிதத்தில் இல்லை. கசிவும் சத்தமும் ஒரே ஆக்ஸிலிலிருந்து வருகின்றன என்பதற்காக இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; ஒன்று மற்றொன்றால் வந்ததாகவும் இருக்கலாம், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கோளாறுகளாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறியும் வசதி உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்ட்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும், கையால் பூட்டும் அந்த ஹப்தான் அது. அதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பிரேக்கைப் பார்த்துவிடுங்கள். இடது முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கின் இரண்டு முகங்களிலும் பேடுகளிலும் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சரிசெய்யும் வரை அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். ஒரு பக்கப் பேடு மட்டும் எண்ணெயில் ஊறிய வண்டி, அவசரமாகப் பிரேக்கை அழுத்தும்போது மறுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஊறிய பேடைப் பெட்ரோலில் கழுவுவதும், தீயில் வாட்டுவதும், உப்புத்தாளால் தேய்ப்பதும் பயன் தராது. எண்ணெய் பேடின் உள்ளே இறங்கியிருக்கும். சூடேறும்போது மறுபடியும் வெளியே வரும். கசிவை நிறுத்திய பிறகு இரண்டு பக்கமும் புதிய பேடுகளைப் போடுவதே முறை.

அடுத்தபடியாக, வழிவது எந்த எண்ணெய் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரத்தின் உட்புறத்தை நனைக்கக் கூடியவை பல உண்டு. கியர் ஆயில் கனமாக இருக்கும். அதில் கந்தகம் கலந்த ஒரு நெடி அடிக்கும். ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. பிரேக் ஆயில் மெல்லியது, வெளிர் மஞ்சளாக இருக்கும், பெயின்டை அரிக்கும், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கலந்துவிடும். மற்ற எண்ணெய்கள் மேலே மிதக்கும். பவர் ஸ்டீயரிங் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. ஷாக் அப்சார்பர் கசிந்தால் அதன் உடம்பிலேயே மேலிருந்து கீழாக ஈரத் தடம் தெரியும். என்ஜினின் முன்புறத்தில் கசியும் ஆயில்கூட, ஓடும்போது காற்றில் பின்னால் அடிக்கப்பட்டு ஆக்ஸில் மீது படிந்து, ஆக்ஸிலே கசிவதுபோலத் தோன்றும். இரவில் வண்டியை நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்துவைத்து, காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டின் நிறத்தையும் நெடியையும் பாருங்கள்.

கியர் ஆயில்தான் என்று தெரிந்ததும், அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தேட வேண்டும். கசியும் எண்ணெய் கீழ்நோக்கி வழியும், காற்றில் பின்னோக்கிப் பரவும், சுழலும் பாகத்தில் பட்டால் வெளிநோக்கிச் சிதறும். ஆகவே மிகுதியாக நனைந்திருக்கும் இடத்தைக் கசிவின் ஊற்று என்று நம்பக் கூடாது. ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னால் இருக்கும் இடம் எதுவோ அதையே சந்தேகிக்க வேண்டும். முன் ஆக்ஸில் முழுவதையும், டிஃபரன்ஷியல் மூக்கு முதல் இரு சக்கரங்கள் வரை, கிரீஸ் நீக்கும் திரவத்தால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பிரேக் பக்கம் தூள் படாதபடி, முகத்துக்குப் பூசும் சாதாரணப் பவுடரை ஆக்ஸில் மீது லேசாகத் தூவி, 20 அல்லது 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியில் கருப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியும். பழைய வண்டிகளில் இதைச் செய்யாமல் கசிவைத் தீர்மானிப்பதை நான் ஏற்பதில்லை. பல ஆண்டு அழுக்கின் மேல் படிந்த எண்ணெய், கண்ணை நிச்சயமாக ஏமாற்றும்.

நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் பார்த்தால், ஆக்ஸில் குழாயின் முனையில் வழுவழுப்பான ஓர் இரும்பு உருண்டையும், அதைச் சுற்றி மூடிய நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்) இருக்கும் அமைப்பு உங்களுடையது என்று ஊகிக்கிறேன். டொயோட்டா லேண்ட் குரூசர் 80, சுஸுகி ஜிம்னி போன்ற வண்டிகளில் இருப்பது இதுவே. இதில் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் வேறு, நக்கிளுக்குள் இருக்கும் கிரீஸ் வேறு. இரண்டையும் பிரித்துவைப்பது ஆக்ஸில் குழாயின் முனைக்குள் இருக்கும் உள் சீல். நக்கிளுக்குள் இருப்பதை வெளியே வராமல் தடுப்பது, உருண்டையின் மீது துடைத்தபடி நகரும் வெளி சீல். உள் சீல் கெட்டால், கியர் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்து, கறுத்த கஞ்சிபோல ஆக்கிவிடும். கெட்டியான கிரீஸை மட்டும் தாங்குவதற்காக அமைந்த வெளி சீலால் அந்தக் கஞ்சியைத் தடுக்க முடியாது. எனவே வெளியே வழிவதைப் பார்த்து வெளி சீலை மட்டும் மாற்றுவது வீண் வேலை. ஜீப் ராங்லர் போன்ற வண்டிகளில் நக்கிள் திறந்த அமைப்பு. அங்கே கிரீஸ் அறை கிடையாது, உள் சீல் போனால் ஆயில் நேராகக் குழாய் முனையில் வந்து சொட்டும்.

மூடிய நக்கிள்தானா, உள் சீல்தான் போனதா என்பதை ஒரு ஸ்பேனரால் தெரிந்துகொள்ளலாம். நக்கிளில் கிரீஸ் போடுவதற்கென்று ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி, வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். கம்பியில் கரிய, கெட்டியான, விரலில் ஒட்டிக்கொள்ளும் மாலிப்டினம் கிரீஸ் வந்தால் உள் சீல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கம்பியிலிருந்து வழிந்து சொட்டினால், கியர் ஆயில் நெடியும் அடித்தால், உள் சீல் போய்விட்டது. வலது பக்க நக்கிளையும் இதேபோலத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வயதுடையவை. லேண்ட் ரோவரின் பழைய மாடல்கள் சிலவற்றில் நக்கிளுக்குள்ளேயே ஆயில் ஊற்றுவதுதான் முறை என்பதால், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது டிஃபரன்ஷியல் ஆயிலின் அளவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆறிய பிறகு, மேலே இருக்கும் நிரப்பும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். அது திறக்க வருகிறது என்று தெரியாமல் கீழே வடிக்கும் பிளக்கைத் தொடவே கூடாது. துருப்பிடித்த மேல் பிளக் வர மறுத்தால், ஆயில் இல்லாத ஆக்ஸிலோடு நிற்க நேரிடும். விரலை உள்ளே விட்டு வளைத்தால், துளையின் கீழ் விளிம்பு அளவுக்கு ஆயில் தட்டுப்பட வேண்டும். அதற்கும் கீழே வெகுதூரம் இறங்கியிருந்தால், இரண்டாவது மெக்கானிக் சொன்னதில் உண்மை இருக்க வாய்ப்பு உண்டு. கிரவுன் பினியன் ஜோடி போன்ற ஹைப்பாய்டு கியரில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கியபடியே கடிக்கின்றன; அவற்றுக்கிடையே ஆயில் படலம் இல்லாவிட்டால் பற்களின் முகம் விரைவில் அழியும். அளவு சரியாகவே இருந்து, கசிவும் தொடர்ந்தால், முந்தைய உரிமையாளர் அவ்வப்போது ஊற்றி நிரப்பியிருக்கக் கூடும். துளையைத் திறந்ததும் ஆயில் தானாகக் கொட்டினால், யாரோ அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்கள், அல்லது வெளியிலிருந்து ஏதோ உள்ளே சேர்ந்திருக்கிறது. ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

சீல் ஏன் கெட்டது என்ற கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. அதனால்தான் புதிய சீலும் சில மாதங்களில் கசியத் தொடங்குகிறது. டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்ற சிறிய மூச்சுக்குழல் இருக்கும். ஓடும்போது ஆயிலும் உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி விரியும்; அந்தக் காற்று பிரீதர் வழியாக வெளியேற வேண்டும். மண் அடைத்து அது மூடிக்கொண்டால், அழுத்தம் சீல்களின் உதட்டைத் தள்ளி ஆயிலை வெளியேற்றும். சூடான ஆக்ஸில் நீரோடையில் இறங்கினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, அடைத்த பிரீதர் வழியே வர முடியாமல், சீல்களின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிரீதரைக் கழற்றிக் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தடையின்றிப் போக வேண்டும். பத்து நிமிட வேலை இது. ஆனாலும் சீல் மாற்றிய எத்தனையோ வண்டிகளில் பிரீதரை எவரும் தொட்டிருக்க மாட்டார்கள். வண்டியைத் தினமும் இடது பக்கம் சரிந்த இடத்தில் நிறுத்துகிறீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஆயில் இடது குழாயில் தேங்கி நின்று, தளர்ந்த சீலை இன்னும் வேகமாகக் கசிய வைக்கும்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். இதற்கு ஹப்பும், டூ வீலுக்கும் ஃபோர் வீலுக்கும் மாற்றும் டிரான்ஸ்ஃபர் லீவரும் போதும். ஹப்பைத் திறந்துவைத்து, அதாவது அதன் பூட்டை விடுவித்து, டூ வீல் டிரைவில் ஓட்டும்போது, முன்னால் சுழல்வது சக்கரமும், ஹப்பும், சக்கர பேரிங்கும், டிஸ்க்கும் மட்டும்தான். ஆக்ஸில் ஷாஃப்ட், நக்கிளுக்குள் இருக்கும் ஜாயின்ட், கிரவுன், பினியன், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் புரொபெல்லர் ஷாஃப்ட் ஆகிய அத்தனையும் அசையாமல் நிற்கும். நிற்கும் பொருள் சத்தம் போடாது. எனவே ஹப் திறந்த நிலையிலும் அதே ரீங்காரம் அதே வேகத்தில் கேட்டால், கிரவுன் பினியனை அந்த இடத்திலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மீதி இருப்பவை சக்கர பேரிங், டயர், பிரேக் ஆகியவைதான். இரண்டாவதாக, இரு ஹப்புகளையும் பூட்டி, லீவரை டூ வீல் டிரைவிலேயே வைத்து ஓட்டுங்கள். இப்போது முன் ஆக்ஸில் முழுவதும் சுழலும், ஆனால் சுமை எதுவும் இழுக்காது. காய்ந்த தார்ச் சாலையில் இப்படி ஓட்டுவதால் கெடுதல் இல்லை. இப்போதுதான் சத்தம் புதிதாகச் சேர்கிறது என்றால் கோளாறு ஷாஃப்ட்டிலோ டிஃபரன்ஷியலிலோ புரொபெல்லர் ஷாஃப்ட்டிலோ இருக்கிறது. மூன்றாவதாக, மண் சாலையிலோ சரளைத் தரையிலோ நேராகச் செல்லும்போது ஃபோர் வீலில் போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் கேளுங்கள். இதைத் தார்ச் சாலையில் செய்யக் கூடாது. தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலில் போடும் பார்ட் டைம் அமைப்பில் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால், திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருண்டு, இறுக்கம் சேர்ந்து, அந்த இறுக்கமே புதிய சத்தங்களை எழுப்பி உங்களைக் குழப்பும்.

‘டக் டக்’ சத்தத்துக்கும் இதே சோதனைதான். ஹப் பூட்டியிருக்கும்போது மட்டும், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகச் செல்கையில் கேட்கிறது என்றால், நக்கிளுக்குள் இருக்கும் ஆறு பந்து ஜாயின்ட்டின் தடங்கள் குழிவிழுந்திருக்கின்றன. ஹப் திறந்திருக்கும்போதும் கேட்கிறது என்றால் அது ஜாயின்ட் அல்ல. சக்கர பேரிங், தளர்ந்த பேடு, ஸ்டீயரிங் இணைப்புகள், நக்கிளின் மேலும் கீழும் இருக்கும் பேரிங்குகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். முழு ஒடிப்பில் ஸ்டாப்பர் போல்ட்டில் நக்கிள் முட்டும் சத்தத்தையும் சிலர் ஜாயின்ட் சத்தம் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

ரீங்காரத்தின் தன்மையையும் கவனியுங்கள். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயரை முதலில் சந்தேகிக்க வேண்டும். கட்டை கட்டையாகத் தேய்ந்த முன் டயர்கள், கெட்ட பேரிங்கைப் போலவே முனகும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டினால், சத்தமும் பின்னுக்குப் போகிறதா என்று தெரிந்துவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக வலப்பக்கம் சாய்த்து, பிறகு இடப்பக்கம் சாய்த்து ஓட்டும்போது, வலப்பக்கம் சாயும் நேரத்தில் ரீங்காரம் ஏறி இடப்பக்கம் சாயும்போது தணிந்தால், சுமை ஏறும் இடது பேரிங் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். டிஃபரன்ஷியலின் சத்தம் இப்படித் திருப்பத்துக்குக் கட்டுப்படாது. அது ஆக்சிலரேட்டருக்குக் கட்டுப்படும். அழுத்தும்போது மட்டும் அழுது, விட்டதும் அடங்கினால் கிரவுன் பினியன் பற்கள் கடிக்கும் இடம் சரியில்லை. அழுத்தினாலும் விட்டாலும் மாறாமல் உறுமினால் பேரிங்.

சத்தத்தின் சுருதியும் உதவும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 455 முறை, அதாவது நொடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால், அதே நேரத்தில் பினியன் நிமிடத்துக்கு சுமார் 1,860 முறை, நொடிக்கு 31 முறை சுற்றும். ஆகவே சக்கர பேரிங்கும், கிரவுனைத் தாங்கும் பேரிங்குகளும் கனத்த குரலில் உறுமும். பினியன் பேரிங் குறைந்த வேகத்திலேயே தொடங்கி மெல்லிய குரலில் கீசும். எண்ணிப் பார்க்கும்படியான தட்டுதலாகக் கேட்டால் அது சக்கரத்தோடு சுழல்வது. எண்ணவே முடியாத அதிர்வாகத் தரையிலும் இருக்கையிலும் உணர்ந்தால் புரொபெல்லர் ஷாஃப்ட்டையும் பினியனையும் பாருங்கள்.

அடுத்து, சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும் சோதனை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ நுழைக்கக் கூடாது. ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தொடங்குங்கள். ஹப்பைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, மறு கையின் விரல்களை ஸ்பிரிங்கின் மீது வையுங்கள். கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு, காதுக்குக் கேட்காத வேகத்திலும் விரலில் தெரியும். பிறகு டயரை உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங் தளர்ந்திருக்கிறது. அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், ஹப் நக்கிளோடு இறுகிய பிறகும் நக்கிளே உருண்டையின் மீது ஆடுகிறது. அதாவது கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு) இருக்கும் இடத்துப் பேரிங்குகள் போய்விட்டன. டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்ச்சி தெரிந்தால், இரு நக்கிள்களையும் இணைக்கும் டை ராட்டின் முனைகளைப் பாருங்கள். ஆட்டம் கைக்கு அப்பட்டமாகத் தெரிகிற சக்கரத்தோடு நெடுஞ்சாலையில் போக வேண்டாம்.

உங்கள் வண்டியில் கசிவும் சத்தமும் ஒரே பக்கம் என்று தெரியவந்தால், இரண்டும் ஒரு சங்கிலியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அடைத்த பிரீதரால் உள் சீல் கெட்டு, கியர் ஆயில் நக்கிளை நிரப்பி, அங்கிருந்து, சக்கர பேரிங் அமர்ந்திருக்கும் ஸ்டப் ஆக்ஸிலின் உட்துளை வழியாக ஹப்புக்குள் ஊறி, சக்கர பேரிங்கின் கிரீஸைக் கரைத்துக் கழுவிவிட்டிருக்கும். பிறகு ஹப்பின் பின் சீல் வழியாக டிஸ்க்குக்கு வருவதும் அதே எண்ணெய்தான். அப்படியானால் சீலை மட்டும் மாற்றினால் போதும் என்றவரும் பாதிதான் பார்த்திருக்கிறார். ஆக்ஸிலையே மாற்றச் சொன்னவர் கேட்டது பேரிங்கின் குரலாக இருக்கும்.

டிஃபரன்ஷியலின் நிலையைத் தெரிந்துகொள்ள, அந்த ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்து, வடிக்கும் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். அதில் ஒட்டியிருப்பதை விரல்களுக்கிடையே வைத்துத் தேயுங்கள். மைபோல நைசாக, சாம்பல் நிறப் பசையாக இருந்தால், பல ஆண்டு ஓட்டத்தின் இயல்பான தேய்மானம் அது, கவலை வேண்டாம். ஊசிபோலவோ செதில்போலவோ உறுத்தினால் பேரிங்கோ கியரோ உதிர்ந்துகொண்டிருக்கிறது. பல்லின் முனையே துண்டாகக் கிடைத்தால், ஹப்பைப் பூட்டி ஓட்டுவதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வடித்த ஆயில் இயல்புக்கு மீறிக் கூழாக இருந்தாலும் எச்சரிக்கையாகுங்கள். சத்தத்தை மறைப்பதற்காக விற்பவர்கள் டிஃபரன்ஷியலில் கனத்த ஆயிலோடு கிரீஸைக் கலந்து ஊற்றுவது உண்டு. அதை வடித்து, புத்தகம் சொல்லும் தரத்தில், பெரும்பாலும் ஜிஎல்-5 வகை 80டபிள்யூ-90 ஆயிலை ஊற்றி ஓட்டினால்தான் உண்மையான சத்தம் வெளிவரும்.

பயன்படுத்திய வண்டிகளில் மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு விகிதமுள்ள டிஃபரன்ஷியல்கள் பொருத்தப்பட்டிருந்தால், அல்லது டயர் அளவு வேறுபட்டால், ஃபோர் வீலில் இரண்டு ஆக்ஸில்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். ரீங்காரமும் கனத்த ஸ்டீயரிங்கும் அதன் அறிகுறிகள். கியரை நியூட்ரலில் வைத்து, ஓர் ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் தூக்கி, முன்பக்கம் என்றால் ஹப்புகளையும் பூட்டி, இருவர் இரு பக்கமும் சேர்ந்து ஒரே திசையில் சரியாகப் பத்துச் சுற்று சுற்றும்போது, சாக்பீஸ் அடையாளமிட்ட புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஏறத்தாழ 41 என்றால் விகிதம் 4.1. பின் ஆக்ஸிலிலும் அதே எண் வர வேண்டும். பழைய ஆக்ஸிலை வாங்கிப் போடும் யோசனையில் எனக்கு உள்ள முதல் தயக்கம் இதுதான்: விகிதம் தெரியாமல் வாங்கப்படும் ஆக்ஸில், இல்லாத கோளாறைக் கொண்டுவந்து சேர்க்கும். அதன் சீல்களும் பேரிங்குகளும் எத்தனை வயது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

ஆக்ஸிலை முழுதாக மாற்றத் தகுந்த முதல் காரணம் ஹவுசிங் வளைந்திருப்பது என்று சொல்வேன். பேரிங் அமரும் இடங்கள் தேய்ந்து குழிந்திருந்தாலும் அதே முடிவுதான். கட்டை ஆக்ஸிலில் கேம்பர் கோணத்தை (சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்து நிற்கும் அளவு) சரிசெய்யப் பொதுவாக வழி கிடையாது என்பதால், அலைன்மென்ட் இயந்திரத்தில் ஒரு பக்கக் கேம்பர் மட்டும் வரம்பு மீறியிருந்து, நக்கிள் பேரிங்கும் நன்றாக இருந்தால், குழாய் வளைந்திருக்கிறது. வளைந்த குழாயில் ஷாஃப்ட் சீலின் நடுவே ஓடாது. எத்தனை புதிய சீல் போட்டாலும் அது ஒரு பக்கமாகத் தேய்ந்து கசியும்.

உள் சீல் மாற்றும் வேலையைக் கொடுக்கும்போது பட்டறையில் சில விஷயங்களை நேரிலேயே கேட்டுப் பெறுங்கள். ஷாஃப்ட்டில் சீலின் உதடு ஓடும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும்படி பள்ளம் இருந்தால், புதிய சீலும் அங்கே நிற்காது. அந்த இடத்தில் மெல்லிய ஸ்லீவ் ஏற்றவோ ஷாஃப்ட்டை மாற்றவோ வேண்டும். ஷாஃப்ட்டை மறுபடி உள்ளே செலுத்தும்போது, அதன் கனத்தைக் கையால் தாங்கியபடி நேராகச் செலுத்த வேண்டும். ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் ஸ்ப்ளைன் பற்கள் புதிய சீலின் உதட்டின் மேல் உரசிச் சென்றால் ரப்பர் கிழியும். புதுச் சீல் மறுநாளே கசிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நக்கிள் திறந்திருக்கும்போதே அதன் பேரிங், வெளி சீல், சக்கர பேரிங், ஹப் சீல் ஆகியவற்றையும் பார்த்து, தேவையானதை மாற்றி, எல்லாவற்றிலும் புதிய கிரீஸ் போட்டுவிடச் சொல்லுங்கள். பாகங்களின் விலையைவிடத் திறந்து மூடும் கூலியே இந்த வேலையில் பெரிது. அதை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். வலது நக்கிளிலும் கிரீஸ் நீர்த்திருந்தால் இரண்டையும் சேர்த்தே முடியுங்கள்.

ஒருவேளை உங்கள் தேடலில் டிஃபரன்ஷியல் மூக்கில் இருக்கும் பினியன் சீலும் நனைந்திருப்பதாகத் தெரிந்தால், அதை மாற்றும் போது பினியன் முனையின் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்க விடாதீர்கள். பல ஆக்ஸில்களில் நட்டுக்குப் பின்னால் நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருந்து, பினியன் பேரிங்கின் இறுக்கத்தை அதுவே நிர்ணயிக்கிறது. நட்டு இருந்த நிலையைக் குறித்துக்கொண்டு அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது பினியனைத் திருப்பத் தேவைப்படும் விசையை அளந்து முறுக்க வேண்டும். மீறி இறுக்கினால், அதுவரை மௌனமாக இருந்த பேரிங் சூடேறிக் கீசத் தொடங்கும். கிரவுன் பினியன்தான் உண்மையில் கெட்டது என்று மேலே சொன்ன சோதனைகள் காட்டினால், இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் பற்கள் ஒத்துக்கொள்ளா. பற்களுக்கிடையே விடும் இடைவெளி பெரும்பாலும் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரையிலான அளவில் இருக்கும்; அதை அளக்கும் டயல் கேஜ் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரங்களைத் தூக்கிப் பேரிங் ஆட்டத்தை மறுபடி பாருங்கள். புதிதாகப் போட்ட பேரிங் சற்று அமர்ந்து தளர்வது இயல்பு. டிஃபரன்ஷியல் அளவையும், இரு நக்கிள்களின் பிளக்கையும் அதே நாளில் திறந்து பார்த்துவிடுங்கள். ஹப் திறந்த நிலையில் சத்தம் எப்படி இருந்தது, பிளக்கின் காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது என்ற இரண்டு விவரங்களையும் குறித்துவைத்து எனக்கு எழுதினால், அடுத்து எதைத் திறப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.